நீலப்பூவும் நிறமற்ற நீரும்: கண்சூழ் ஒப்பனைப் பொருட்களிற் பூச்சாறுகள் பற்றிய ஒரு நோக்கு

ஒப்பனைப் பொருட்களை ஆராய்ச்சிக்குரிய விடயமாகக் கொள்வது எம்மவரிடையே அதிகம் வழக்கிலில்லை. அவை கண்ணாடி மேசைக்கும் கடைக்காரரின் அலுமாரிக்கும் உரியன, அறிவுலகத்துக்கு அவற்றால் ஆவதொன்றில்லை என்ற எண்ணம் எமது கல்விமான்களிடம் நெடுங்காலம் நிலவி வந்துள்ளது. ஆயினும் ஒரு சமுதாயம் தன் உடலைப் பற்றிக் கொண்டிருக்கும் எண்ணங்களும், அவ்வெண்ணங்களைப் பணமாக்கும் உற்பத்தி முறையும், அம்முறை விஞ்ஞானத்தோடு கொண்டுள்ள உறவும் ஒருசேர வெளிப்படும் இடங்களுள் ஒரு சிறு போத்தலும் ஒன்றாகும். கண்ணைச் சூழ்ந்த தோலுக்கென விற்கப்படும் நீர்மங்களையும் களிம்புகளையும் எடுத்துக்கொள்வோம். அவற்றின் மேலுறைகளிற் பூக்களின் பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. அப்பூக்களிலிருந்து போத்தலுக்குள் உண்மையில் வந்து சேர்வது யாது? எல்லாப் பூக்களுக்கும் பொருந்தும் ஒரே விடை இவ்வினாவுக்குக் கிடையாது. ஆகவே நாம் ஒரு பூவை மட்டும் எடுத்து, அதன் வரலாற்றையும் இரசாயனத்தையும் சற்று விரிவாக நோக்க முற்படுகிறோம். பிரான்சு நாட்டில் ‘புளுவே’ என வழங்கும் நீலப் பூவே அது.

புளுவே எமது மண்ணுக்குரிய செடியன்று. அதற்கு வழக்கிலுள்ள தமிழ்ப் பெயரும் இல்லை. ஆங்கிலேயர் அதனைக் ‘கோண்பிளவர்’ என்பர். இங்கு ‘கோண்’ என்பது சோளத்தைக் குறிப்பதன்று. கோதுமை, றை முதலாம் தானியங்கள் யாவற்றுக்குமான பழைய பொதுப்பெயர் அது. தாவரவியலார் இட்ட பெயர் சென்டோரியா சயனஸ். சாமந்தி, சூரியகாந்தி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி, கிழக்கு மத்தியதரைப் பிரதேசத்திலிருந்து பயிர்ச்செய்கை மேற்கு நோக்கிப் பரவிய காலத்தில் விதைத்தானியத்தோடு கலந்து ஐரோப்பாவின் வயல்களை வந்தடைந்தது. உழவர் எவரும் அதனை வேண்டி விதைக்கவில்லை. தானியத்தோடு முளைத்து, தானியத்தோடு முதிர்ந்து, தானியத்தோடே அறுக்கப்பட்டு மறுவருட விதையிலும் இடம்பிடித்துக்கொண்ட களை அது.

இக்களைக்குக் கண்மருந்தென்ற தகுதி எவ்வாறு கிட்டியது? பதினாறாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவத்திற் செல்வாக்குப் பெற்றிருந்த ‘அடையாளக் கோட்பாடு’ இங்கு கவனத்துக்குரியது. இறைவன் ஒவ்வொரு தாவரத்திலும் அதன் பயனைக் குறிக்கும் ஒரு சாயலைப் பொறித்துள்ளான். உறுப்பை ஒத்த தாவரம் அவ்வுறுப்பின் நோயைத் தீர்க்கும் என்பது அக்கோட்பாட்டின் சாரம். இத்தாலியரான ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1588 இல் வெளியிட்ட ‘பைற்றொக்னொமோனிக்கா’ இதனை விரிவாக எடுத்துரைத்த நூலாகும். நீலக் கண்களுக்கு நீலப் புளுவே, பழுப்புக் கண்களுக்குப் பிளான்டாகோ எனும் புல்வெளிப் பூண்டு என்று ஐரோப்பிய நாட்டார் வழக்கு வகுத்துவைத்திருந்தமை இக்கோட்பாட்டோடு நன்கு இயைகிறது. பிரான்சிய மக்களோ இன்னும் ஒருபடி மேலே சென்று, புளுவே நீருக்குக் ‘காஸ் லுனெற்’ எனப் பெயரிட்டனர். ‘மூக்குக்கண்ணாடி உடைப்பான்’ என்பது அதன் பொருள். இந்நீரைக் கண்ணுக்கு இட்டவர் தமது கண்ணாடியை உடைத்தெறிந்துவிடலாமாம். விளம்பரக் கலை தோன்றுவதற்கு முன்னரே மக்கள் வாக்கில் தோன்றிய விளம்பரம் இது என்று கூறின் மிகையாகாது.

புளுவேயின் பெருமைக்கெல்லாம் அடிப்படை அதன் நீலம். ஆதலால் அந்நீலத்தின் இயல்பை ஆராய்வது பொருத்தமானது. ஜேர்மானிய இரசாயனவியலாளரான ரிச்சார்ட் வில்ஸ்ரேற்றர் 1913 இல் இப்பூவின் நிறப்பொருளைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். அந்தோசயனின் இனத்தைச் சேர்ந்த அப்பொருளின் கருவான ‘சயனிடின்’, இச்செடியின் பெயரிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. 1915 இல் ரோசாவின் சிவப்பை ஆராய்ந்தபோது வில்ஸ்ரேற்றர் வியப்புக்குரிய ஒன்றைக் கண்டார். சிவந்த ரோசாவிலும் நீலப் புளுவேயிலும் இருப்பது ஒரே நிறப்பொருளே. தாவர நிறப்பொருட்கள் பற்றிய ஆய்வுக்காக, சிறப்பாகப் பச்சையம் பற்றியதற்காக, அவ்வாண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஒரே பொருள் ஒரு பூவிற் சிவப்பாகவும் மற்றொன்றில் நீலமாகவும் இருப்பதேன்? கலச்சாறு அமிலமாயிற் சிவப்பு, காரமாயின் நீலம் என்பது வில்ஸ்ரேற்றர் தந்த விளக்கம். பரிசோதனைக் குழாயில் இது மெய்யே. செம்பருத்தியின் இதழைக் கசக்கிச் சவர்க்கார நீரில் இட்டு எவரும் இதனைச் சோதிக்கலாம். எனினும் புளுவேயின் கலச்சாறு காரமானதன்று, அமிலத்தன்மை உடையது என்பது பின்னர் தெளிவாயிற்று. 1919 இல் யப்பானிய ஆய்வாளரான ஷிபாத்தாவும் அவரது சகாக்களும், நிறப்பொருள் உலோகங்களுடன் இணைவதாலேயே நீலம் பிறக்கிறது எனும் மாற்றுக் கருத்தை முன்வைத்தனர். இவ்விரு கருத்துக்களுக்குமிடையிலான விவாதம் பல தசாப்தங்கள் நீடித்தது. 2005 இல் ஷியோனோ, மட்சுகாகி, தகேதா எனும் மூன்று யப்பானியர் ‘நேச்சர்’ சஞ்சிகையில் அந்நீலத்தின் முழுக் கட்டமைப்பையும் வெளியிட்டனர். அந்தோசயனின் மூலக்கூறுகள் ஆறு, பிளேவோன் மூலக்கூறுகள் ஆறு, ஓர் இரும்பு அயன், ஒரு மகனீசியம் அயன், இரு கல்சியம் அயன்கள் ஆகியன கூடி நிற்கும் பேரமைப்பே வயலில் நாம் காணும் நீலம். ஒரு களையின் இதழுக்குள் இத்தனை நுட்பமான கட்டடம்! தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் எடுத்து அறியப்பட்ட இவ்விடை, அடையாளக் கோட்பாட்டாரின் இறையடையாளத்தைவிட எமக்கு அதிக வியப்பைத் தருகிறது.

இனிப் போத்தலுக்கு வருவோம். கண்சூழ் தோலுக்கென விற்கப்படும் புளுவே நீர், பெரும்பாலும் பூவை வாலையிற் காய்ச்சி வடித்துப் பெறப்படுவது. இம்முறை எமக்கு அன்னியமானதன்று. பன்னீர் இவ்வாறே பெறப்படுகிறது. நீர் கொதித்து ஆவியாகி, குளிர்ந்த குழாயினூடாகச் சென்று மீண்டும் நீராகிச் சொட்டுகிறது. ஆவியோடு கூடிச் செல்லவல்ல, அதாவது ஆவிப்பறப்புள்ள பொருட்கள் மாத்திரமே அக்குழாயைக் கடந்து மறுபுறம் சேரும். ஏனையவை அடிப்பாத்திரத்திலேயே தங்கிவிடும். ரோசாவின் மணத்துக்குரிய பொருட்கள் ஆவிப்பறப்புள்ளவை. அவற்றுள் பீனைல் எதனோல் போன்றவை நீரிலும் ஓரளவு கரைவன. ஆதலாற் பன்னீர் மணக்கிறது. புளுவேயோ ஏறக்குறைய மணமற்ற பூ. அதன் நீலமான பேரமைப்பு ஆவியாகிச் செல்லும் தன்மையதன்று. மறுபுறத்திற் சொட்டும் நீர் தெளிந்த, நிறமற்ற நீர். அடிப்பாத்திரத்திற் கிடக்கும் வெந்த இதழ்களோடு நீலம் நின்றுவிடுகிறது. கடையிற் காணப்படும் போத்தலின் நீலம், கண்ணாடியின் அல்லது மேலுறையின் நீலமே.

இவ்விடத்திற் சீமைச்சாமந்தியை ஒப்புநோக்குதல் பயன்தரும். கண்சூழ் ஒப்பனைப் பொருட்களில் இதுவும் அடிக்கடி இடம்பெறும் பூ. வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட அதில் நீலத்தின் சாயலும் இல்லை. ஆனால் அதனை நீராவியிட்டு வடித்தால் ஆழ்ந்த நீல எண்ணெய் பெறப்படுகிறது. பூவிலிருக்கும் நிறமற்ற மற்றிசின் எனும் பொருள் வாலையின் வெப்பத்திற் சிதைந்து கமசுலீன் எனும் நீலப்பொருளாக மாறுவதே காரணம். நீலப்பூ நிறமற்ற நீரைத் தருகிறது. வெண்பூ நீல எண்ணெயைத் தருகிறது. வாலை ஒரு வடிகட்டி மாத்திரமன்று; சிலவற்றை விலக்குகிறது, சிலவற்றைப் புதிதாக ஆக்குகிறது. பூவின் பெயரை மட்டும் அறிந்தவர் போத்தலின் உள்ளடக்கத்தை அறிந்தவராகார் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் புளுவேயிற் பயன் எதுவுமே இல்லையா என வாசகர் வினவக்கூடும். அங்ஙனம் ஒரேயடியாக முடிவு கட்டுவது விஞ்ஞான நோக்காகாது. 1999 இல் வெளியான ஓர் ஆய்வு, புளுவேப் பூந்தலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பல்சக்கரைட்டுக்கள் ஆய்வுகூட விலங்குகளில் அழற்சி வீக்கத்தைத் தணித்தமையைக் காட்டியது. கண்ணின் சிறு அழற்சிகளுக்கு இப்பூவை இடும் ஐரோப்பிய மரபே அவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயிருந்தது. ஆனால் பல்சக்கரைட்டுக்கள் பெரும் மூலக்கூறுகள். அவையும் ஆவியாவன அல்ல. மரபுக்கு ஆதரவாகக் கிடைத்த சான்று, வடித்த நீருக்கு ஆதரவான சான்றாகாது.

இங்கேதான் பிரச்சினையின் மையம் உள்ளதெனக் கருதுகிறோம். கிராமத்துப் பெண் இதழ்களை வெந்நீரில் ஊறவிட்டு, ஆறியபின் அந்நீரிற் துணியை நனைத்து இமைமேல் இட்டாள். அவ்வூறல் நீரிற் பல்சக்கரைட்டுக்கள் இருந்தன. நிறப்பொருளும் பிளேவோன்களும் கரைந்திருந்தன. வாலைநீர் வேறு பொருள். ஒரே பெயர் இரண்டையும் ஒன்றாகக் காட்டுகிறது. அறியாமையால் நேர்ந்த குழப்பம் இது என்று கொள்ளுதல் பொருந்தாது. ஊறல் நீர் ஓரிரு நாளிற் கெட்டுவிடும். களஞ்சியத்தில் வைக்கவோ தூரத்துக்கு அனுப்பவோ இயலாது. வீட்டில் ஆக்கி வீட்டிற் பயன்படுத்துவதற்கே உரியது. தெளிந்த வாலைநீரோ போத்தலில் அடைக்கவும் வைத்திருக்கவும் விற்கவும் ஏற்றது. இம்மாற்றம் நேற்று நிகழ்ந்ததுமன்று. 1500 இல் ஸ்ற்றாஸ்பூர்க்கில் ஹிரோனிமுஸ் புருண்ஷ்விக் வெளியிட்ட வாலைநூல், தனித்தனி மூலிகைகளின் வடிநீர்களை நிரைப்படுத்தியது. மருந்துக்கடைக்காரருக்குச் சேமித்து வைக்கத்தக்க சரக்கு அப்பொழுதே தேவைப்பட்டது. பயன்பாட்டுப் பெறுமதியை உடைய ஊறல், பரிவர்த்தனைப் பெறுமதிக்கு உகந்த வடிநீருக்கு இடம்விட்டது எனலாம். பெயரும் புகழும் மாத்திரம் பழையதிலிருந்து புதியதற்குக் கைமாறின.

நீதியின் பொருட்டு ஒன்றைக் கூறவேண்டும். எல்லாத் தயாரிப்பாளரும் வடிநீரோடு நின்றுவிடுவதில்லை. கிளிசரின் முதலிய கரைப்பான்களிற் பூவை ஊறவிட்டுப் பெறும் சாற்றைச் சேர்ப்பவரும் உளர். அச்சாற்றில் ஆவிப்பறப்பற்ற பொருட்களும் இடம்பெறக்கூடும். மேலுறையின் உள்ளடக்கப் பட்டியலில் ‘பிளவர் வோட்டர்’ என்றிருப்பின் அது பெரும்பாலும் வடிநீர். ‘பிளவர் எக்ஸ்ற்றாக்ற்’ என்றிருப்பிற் சாறு. இவ்விரு சொற்களுக்குமிடையிலுள்ள தூரம், மேற்கூறிய வரலாறு முழுவதையும் தன்னுள் அடக்கியது.

கண்ணைச் சூழ்ந்த தோலின் இயல்பையும் சிறிது நோக்குவோம். இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன்கீழ்க் கொழுப்பு மிகக் குறைவு. ஆதலால் அடியிலுள்ள குருதிக் கலன்களும் தசையும் நிழலாடித் தெரிகின்றன. ‘கருவளையம்’ என ஒரே சொல்லால் வழங்கப்படுவது உண்மையில் ஒரே நிலையன்று. மெலனின் மிகுதியால் வருவது ஒருவகை. தென்னாசிய மக்களிற் பரம்பரையாகக் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. குருதிக் கலன்கள் தெரிவதால் வருவது மற்றொன்று. வயதோடு இமைக்கும் கன்னத்துக்கும் இடையே பள்ளம் விழுவதால் ஏற்படும் வெறும் நிழல் இன்னொன்று. நிழலை எந்தப் பூவும் கழுவாது. பரம்பரை மெலனினை வடிநீர் குறைக்குமென எதிர்பார்ப்பதற்கு இரசாயன நியாயம் எதுவுமில்லை. காலையில் எழும்போது காணப்படும் வீக்கம் மட்டுமே குளிர்ந்த நீரிற் தோய்த்த துணிக்கு இணங்குகிறது; குளிர்ச்சியாற் குருதிக் கலன்கள் சுருங்குகின்றன, வீக்கம் சற்று வடிகிறது. இது குளிரின் செயல். கிணற்று நீரும் இதனைச் செய்யும்.

இரவுப்பணி செய்யும் தொழிலாளிப் பெண்ணின் கண்ணடியில் விழும் சோர்வு, உறக்கத்தின்மையின் அடையாளம். அதனைத் தோலின் குறைபாடாகப் பெயரிட்டு, அக்குறைபாட்டுக்கு ஒரு போத்தலை அவளிடமே விற்பது எமது காலச் சந்தையின் தனித்திறமை. கறுத்த தோலுடைய மக்களின் இயல்பான கண்ணிறத்தையும் அதே பட்டியலிற் சேர்த்துக்கொள்வது அதனிலும் கொடிது.

சட்டம் இவ்விடயத்தில் யாது கூறுகிறது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 ஆம் இலக்க ஒழுங்குவிதி 2013 யூலை முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளது. ஒப்பனைப்பொருள் உடலின் வெளிப்பகுதிகளுக்கே உரியது. கண்ணுக்குள் இட்டு நோய் தீர்ப்பதாகக் கூறின் அது மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே ‘கண்ணாடி உடைப்பான்’ இன்று இமையின் வெளிப்புறத்தோடு நிற்கவேண்டியதாயிற்று. பழைய புகழைப் பற்றிய குறிப்பு மட்டும் விளம்பர வாசகங்களில் மங்கலாகத் தொடர்கிறது. உள்ளடக்கங்களை நிறையின் இறங்குவரிசையிற் குறிப்பிடவேண்டும் என்பதும் அவ்விதியின் கட்டளை. ஆனால் நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தவற்றை எவ்வொழுங்கிலும் நிரைப்படுத்தலாம். நூற்றில் ஒரு சிறு பின்னமாயுள்ள பூச்சாறு, அதனிலும் மிகுந்த ஏனைய சிறு சேர்க்கைகளுக்கு முன்னே வந்து அமர இது வழி செய்கிறது. பூநீரோ நேர்மாறாகப் பட்டியலின் தலையிலேயே நிற்கும். வெறும் நீர் வகித்த இடத்தை அது வகிப்பதே காரணம். ‘இயற்கை மூலத்தின் வீதம்’ கணிப்பதற்கென 2016, 2017 ஆம் ஆண்டுகளில் வெளியான ஐ.எஸ்.ஓ. 16128 எனும் நியமம், நீரையும் இயற்கைப் பொருளாகச் சேர்த்துக் கணிக்க இடமளிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு இயற்கை என்று பெருமையோடு அச்சிடப்பட்டிருப்பதில் எத்தனை பங்கு தண்ணீர் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

இயற்கையானது ஆகவே தீங்கற்றது எனும் வாதத்தையும் இவ்விடத்தில் நோக்குதல் அவசியம். அவ்வாதத்துக்குப் பின்னால் நியாயமானதோர் அச்சம் இருக்கிறது. 1933 இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ எனும் இமைச்சாயத்தில் இருந்த செயற்கைச் சாயப்பொருளாற் பெண்கள் சிலர் பார்வையிழந்தனர், ஓருயிரும் போயிற்று. ஒப்பனைப் பொருட்களையும் அரச கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்த 1938 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வழிகோலிய சம்பவங்களுள் இது முக்கியமானது. எனினும் பூக்கள் யாவும் சாந்தமானவை என்பது அதிலிருந்து பெறப்படவில்லை. சீமைச்சாமந்தி ஊறல்நீராற் கண்ணைக் கழுவியதன் விளைவாக மகரந்த ஒவ்வாமை உடையோரிற் கண் அழற்சி தோன்றியமையை ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 1990 இல் அறிக்கையிட்டனர். புளுவேயும் அதே குடும்பத்துச் செடி. மேலும், ஆதரவுப்பொருள் சேராத பூநீர் நுண்ணங்கிகளுக்கு நல்லதொரு வளர்ப்பூடகமாகலாம். 2014 ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ. 17516 நியமம், ஏனைய ஒப்பனைப் பொருட்களுக்குக் கிராமுக்கு 1000 நுண்ணங்கிக் கூட்டங்கள்வரை அனுமதிக்கையில், கண்சூழ் பொருட்களுக்கு 100 எனவே எல்லையிட்டுள்ளது. வீட்டிற் காய்ச்சும் ஊறலைப் போற்றுவோர் இவ்வெண்ணை மனங்கொள்ளல் வேண்டும். அதனை இமைக்கு வெளியே, ஆக்கிய அன்றே பயன்படுத்துவது வேறு, கண்ணுக்குள் ஊற்றுவது வேறு.

இறுதியாக, வயல். 1940களின் நடுப்பகுதியிலிருந்து 2,4-டி முதலிய களைநாசினிகள் ஐரோப்பிய வயல்களிற் பரவின. விதைத்தானியத்தை இயந்திரத்தாற் சுத்திகரிக்கும் முறையும், மிகுதியாக இடப்பட்ட செயற்கை உரமும் அவற்றோடு சேர்ந்தன. ஆயிரமாயிரம் ஆண்டுகள் பயிரோடு வாழ்ந்த புளுவே, இரண்டு தலைமுறைக் காலத்துள் மேற்கு ஐரோப்பாவின் பல பிரதேசங்களில் அரிதாயிற்று. தானிய வயலில் மட்டுமே வாழக்கூடிய இத்தகைய செடிகளைப் பாதுகாப்பதற்கென 2012 முதல் 2017 வரையான தேசிய செயற்றிட்டமொன்றை வகுக்கும் நிலைக்குப் பிரான்சிய அரசு வந்தது. அதே காலத்தில், ஒப்பனைத் தொழிலுக்கென நிரைநிரையாக விதைத்துக் களையெடுத்துப் பூப்பறிக்கும் தனிப்பயிராகவும் புளுவே மாறியுள்ளது. முன்னர் எந்தக் கோதுமையின் நடுவே அது களையாக நின்றதோ, அந்தக் கோதுமை இன்று தன்பாட்டில் முளைத்தால் புளுவேத் தோட்டத்தில் அதுவே களை.